கடலைக் கண்டுபிடித்த சல்லடை

அம்பாசமுத்திரத்திலிருந்து முக்கூடல் போகும் பஸ்ஸில், புத்தம்புதுக் கம்பிச் சல்லடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜன்னல் வெயில் பட்டு அது வெள்ளித் தாம்பாளம் போல மின்னியது. பக்கத்து இருக்கை அம்மாள் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "துருப்பிடிக்காதுல்லா தம்பி?" என்று கேட்டாள். "பிடிக்காது, முலாம் பூசினது" என்றேன், ஏதோ நானே பூசியதுபோல. கம்பிக்குப் பூசும் முலாம் என்றால் துத்தநாகம். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கத்தில் நான் தேடிக்கொண்டிருந்த உலோகமும் துத்தநாகம்தான். இந்த இரண்டு செய்திகளும் என் தலைக்குள்ளேயே இருந்தன, ஒன்றையொன்று சந்திக்கவில்லை. முதுகலைப் பட்டம் பெற்ற தலை, உள்ளே இடம் அதிகம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனிமம் தேடும் துறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இன்னும் நிரந்தரமாகாத நிலவியலாளன் நான். சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. வீட்டில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள் என்பதால், யாராவது சும்மா நின்றால் அவருக்கு எதையாவது விளக்கிவிடும் வியாதி எனக்குப் பிறவியிலேயே உண்டு. முக்கூடலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய பொத்தை இருந்தது. உடைமரங்களுக்கு நடுவே, துருப்பிடித்த இரும்பு நிறத்தில், ஆடுகளைத் தவிர வேறு யாரும் மதிக்காத பாறைக்குன்று. அதன் அடிவாரக் கல்லில் ஒரு நீலச் சாயல் இருந்தது. அந்த நிறமும் அந்தத் துருவும் சேர்ந்தால், எங்கள் தொழிலில் நெஞ்சு படபடக்கும். ஏனென்றால் அவை கடலடியின் கையெழுத்தாக இருக்கலாம். எண்ணிப் பார்க்க முடியாத காலத்துக்கு முன், இந்த நிலமெல்லாம் கடலுக்கு அடியில் கிடந்தபோது, கடல்நீர் விரிசல் வழியே உள்ளே இறங்கி, கீழே கொதிக்கும் எரிமலைக் குழம்பின் சூட்டில் வெந்நீராகி, பாறையில் உள்ள செம்பையும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு மேலே பீறிடும். குளிர்ந்த நீரைத் தொட்டதும் கரைந்ததெல்லாம், ஆறிய பாகில் சீனி பூப்பதுபோல, அப்படியே படியும். அதன்மேல் சேறு மூடும். பிறகு பூமி அதை மடித்து, நசுக்கி, அடையாளம் தெரியாமல் வேக வைத்துவிடும். மிஞ்சுவது ஒரு துரு, ஒரு நீலம், அதைப் பார்த்துப் பரவசப்படும் ஓர் அசடு.

எங்கள் முகாமில் தினக்கூலியாக இருந்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், அதிகாரிகளும் அப்படித்தான். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஓடை மணலை அள்ளி, அலசி, சலித்து, அடியில் விழும் மாவு போன்ற தூளைத் துணிப்பையில் கட்டி எண் போடுவது அவர் வேலை. சலிக்கும்போது கை அசையாது. இடுப்பிலிருந்து ஒரு மெல்லிய ஆட்டம் கிளம்பி சல்லடைக்குப் போகும். பதினாலு வருஷமாக ஆடிய இடுப்பு. நடுநடுவே இரண்டு நாள் வேலை இல்லை என்று எழுதி, தொடர்ந்து வேலை பார்த்தவர் என்று ஆகிவிடாதபடி அலுவலகம் பார்த்துக்கொண்டது. அந்த வருஷம்தான், நீண்டநாள் கூலிகளை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் தயாரானது. அதில் அண்ணாச்சி பெயரும் இருந்தது. நிரந்தரமானால் காக்கி உடுப்பு போட வேண்டும் என்று யாரோ சொல்ல, உத்தரவு வருவதற்கு முன்பே முக்கூடல் டெய்லரிடம் பேண்ட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார். "பொறந்ததுலேருந்து வேட்டிதான சார். உள்ள கால விட்டுப் பாத்தேன், ரெண்டு காலையும் தனித்தனியா ஜெயில்ல போட்ட மாரி இருக்கு" என்று சிரித்தார்.

என் கடல் கதையை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்டு முடித்து, "அப்போ தண்ணிக்கு அடியிலயே அடுப்பு எரிஞ்சிருக்கு" என்றார். அதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மறுநாளிலிருந்து மற்றக் கூலிகளிடம், "ஏலே, பைய நடல. நீ நிக்கது கடலாக்கும், விழுந்து தொலைஞ்சா தேடி எடுக்க வள்ளம் கெடையாது" என்று எச்சரிக்கை செய்துகொண்டிருந்தார்.

மணல் சலிக்க நைலான் துணி கட்டிய சல்லடைதான் வைத்துக்கொள்ள வேண்டும், உலோகம் எதுவும் படக்கூடாது என்பது விதி. அலசிக் காயப்போட்டிருந்த அந்த நைலானை ஒரு நாள் ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது. புதிது வேண்டுமென்றால் கடிதம் எழுதி, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். என் மேலதிகாரி பார்வையிட வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. எனவே அம்பாசமுத்திரம் பாத்திரக்கடை, எனவே அந்தப் பஸ். அண்ணாச்சி புதுச் சல்லடையை வாங்கி, கட்டைவிரலால் கம்பியைத் தேய்த்து, விரலைப் பார்த்தார். "சார், இது மினுங்குதே. மணலு ஒரசுனா இதும் தேஞ்சு மாவுல விழும்லா? பெரியவுக நைலான்தான சொல்லுவாக?" என்றார். சரியான கேள்வி. தேர்வில் கேட்டிருந்தால் நானே பதில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பேன். ஆனால் பத்துப்பேர் முன்னால் ஒரு தினக்கூலி கேட்டார். "நீரு எந்தக் காலேஜ்ல வே படிச்சீரு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓடையில் இறங்கிச் சலிக்க ஆரம்பித்தார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தபோது, ஓடை நெடுக துத்தநாகம் கொட்டிக் கிடந்தது. நான் பறந்தேன். இப்போது நினைத்தால், அந்தத் தாளிலேயே எல்லாம் எழுதியிருந்தது. தாது உண்மையிலேயே இருந்தால், பொத்தையடியில் அளவு கூடி, தள்ளிப் போகப்போகக் குறையும். என் துத்தநாகமோ பொத்தைக்கு மேலேயும் கீழேயும், சம்பந்தமே இல்லாத கிளை ஓடையிலும், ஒரே சீராக இருந்தது. அதோடு செம்பும் ஈயமும் துணைக்கு வரவில்லை. துத்தநாகம் மட்டும் தனியாக, சொந்தபந்தம் இல்லாத மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி வைத்துவிட்டு, பழங்காலக் கடலடியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் நகைச்சுவைப் படைப்பு அது, அப்போது தெரியவில்லை.

மேலே உள்ளவர்கள் ஆழ்துளை போட்டுப் பார்க்கும் முன், எதற்கும் இன்னொரு முறை மணல் எடுப்போம் என்று வேறொரு குழுவை அனுப்பினார்கள். அவர்கள் தங்கள் நைலானோடு வந்தார்கள். அதே ஓடை, அதே இடங்கள். ஒன்றும் இல்லை. விசாரிக்க மேலதிகாரியே வந்தார். முகாம் என்பது ஒரு பழைய அரிசிக் கிட்டங்கி. முன்பக்கம் அலுவலகம், தட்டிக்குப் பின்னால் சமையல். அவர் வருகிறார் என்று தெரிந்த மத்தியானமே கம்பிச் சல்லடையைச் சமையல்காரரிடம் கொடுத்து, "வச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்தேன். அவர் அதை மனப்பூர்வமாக வைத்துக்கொண்டார். மேலதிகாரி, "எந்தச் சல்லடையில சலிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, தட்டிக்குப் பின்னால் அதே சல்லடையில் அவருக்கான சப்பாத்தி மாவு சர் சர்ரென்று விழுந்துகொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள், அல்லது திறக்காமல் இருப்பதற்குள், அவர் கேள்வியை அண்ணாச்சி பக்கம் திருப்பினார். அண்ணாச்சி என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, பஸ்ஸில் நிற்கிறவனைப் பார்த்து, உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பாரே, அப்படி. "நைலான்தான் சார். தண்ணி மட்டும் தகர வாளில மொண்டேன். பிளாஸ்டிக் வாளி கீறிப் போச்சு. நாந்தான் சார்கிட்ட சொல்லல" என்றார். தகர வாளியிலும் அதே முலாம்தான். அவ்வளவு கச்சிதமான பொய்யை அந்த நிமிஷத்தில் கண்டுபிடிக்க, துத்தநாகம் எங்கிருந்து வந்தது என்று முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. மேலதிகாரி ஏசினார். பிறகு சப்பாத்தி சாப்பிட்டார். மிருதுவாக இருக்கிறது என்று இன்னும் இரண்டு கேட்டார்.

அவர் போன பிறகு அண்ணாச்சி என்னிடம் வந்து, "ஒண்ணும் நெனைக்காதீக சார். ஒங்களுக்கு வேலை இன்னும் கெட்டியாகல, நெசத்தச் சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாவ. எனக்கு என்ன, ரெண்டு ஏச்சு. வாங்கிப் பழக்கந்தான" என்றார். ஏச்சோடு முடியாது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அறிக்கை எழுதுவது நான். 'கூலியாள் அறிவுறுத்தலை மீறித் துத்தநாக முலாம் பூசிய வாளியைப் பயன்படுத்தியதால்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எழுதினேன். நன்றாக எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்த கோப்பில்தான் நிரந்தரமாக்கும் பட்டியலும் இருந்தது. திருத்திய பட்டியல் வந்தபோது அண்ணாச்சி பெயர் அதில் இல்லை. அவருக்கு அது ஏன் என்று புரியவேயில்லை. "எழுதுனவன் கை மறந்து ஒரு பேரைத் தாண்டிருக்கும் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாவ" என்று வந்து நின்றார். "பாக்கேன் அண்ணாச்சி" என்றேன். மறு மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. அதோடு வடக்கே மாற்றலும் வந்தது. கிளம்பும்போது என் இரும்புப் பெட்டியை பஸ் மேல் ஏற்றிக் கட்டியவரும் அவர்தான். அப்போதும் "பாக்கேன்" என்றேன்.

பிற்பாடு வேலையை விட்டேன். என்னையே கேலி செய்து எழுத ஆரம்பித்தேன். அதில் ஒரு வசதி உண்டு. நாமே நம்மை அசடு என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அதைவிடக் கெட்ட வார்த்தையை யாரும் தேட மாட்டார்கள். சல்லடைக் கதை என் மேடைகளில் நிச்சயமாக எடுபடும் கதை. ஆடு நைலானைத் தின்னும் இடத்தில் ஒரு சிரிப்பு, நாற்பது பக்கத்துக்கு ஒரு சிரிப்பு, மேலதிகாரி இன்னும் இரண்டு சப்பாத்தி கேட்கும்போது கைதட்டல். எங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி.

மூன்று வருஷத்துக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டத்தில் அதைச் சொன்னேன். முடிந்து கீழே இறங்கியபோது, மெலிந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். பிடித்த விதத்திலேயே அண்ணாச்சி என்று தெரிந்துவிட்டது. சுவரொட்டியில் என் பெயர் பார்த்து முக்கூடலிலிருந்து வந்திருக்கிறார். கடைசிவரை தினக்கூலிதானாம், முகாம் மூடியதும் செங்கல் சூளைக்குப் போனாராம். அதைச் சொல்லிவிட்டு உடனே, "சிரிச்சு மாளல சார். அந்தச் சப்பாத்தி இருக்கே, எம்மா!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், அதே சிரிப்போடு, குறையாகக்கூட இல்லாமல், கல்யாண வீட்டில் அழைக்க விட்டுப்போன ஆள் கேட்பதுபோலக் கேட்டார்: "ஆடு வந்துச்சு, பெரியவுக வந்தாக, சமையக்காரரு வந்தாரு. நான் வரவே இல்லியே சார்?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். பேசிப் பிழைப்பவன் நான். சுற்றி நாலைந்து பேர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அதைக் கவனித்தார். என் கையை விடாமல், குரலைக் கொஞ்சம் உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, "அது கெடக்கட்டும். அந்தப் பொத்தையடில நெசமாவே எதாச்சும் இருக்குமா சார்? ரொம்ப நாளா கேக்கணும்னு" என்றார்.

அந்தக் கேள்வியை நான் பிடித்துக்கொண்டேன். அந்த நீலக் கல் பொய் சொல்லாது என்றேன். துருவும் பொய் சொல்லாது, கடல் இருந்திருக்கும், அடுப்பும் எரிந்திருக்கும் என்றேன். கையை ஆட்டி ஆட்டி, கொதிநீர் பீறிடுவதையும் உலோகம் படிவதையும் பத்து நிமிஷம் விளக்கினேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். என் அறிக்கைக்குப் பிறகு அந்த இடத்தை ஒன்றுமில்லாதது என்று முத்திரை குத்தி மூடிவிட்டார்கள், இனி யாரும் அங்கே சல்லடையோடு போகப்போவதில்லை, உள்ளே இருந்தாலும் தெரியவராது என்பதை மட்டும் சொல்லவில்லை. அண்ணாச்சி ஒவ்வொன்றையும் அன்றுதான் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டார்.

கடைசி பஸ் எட்டு மணிக்கு என்றார். நிறுத்தம்வரை கூட நடந்தேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டி, "அப்போ இருக்கும்னுதான் சொல்லுதீக?" என்றார்.

"இருக்கும் அண்ணாச்சி."

"போதும். அது போதும்" என்றார்.

பஸ் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்று கண்டு, எனக்குத் தெரிந்த கேள்வியாகப் பார்த்து இரண்டாவதை அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கிட்டங்கியில் செய்ததை, இருபது வருஷத்துக்கும் மேலான பிறகு, அதே முகத்தோடு மறுபடி செய்துவிட்டுப் போயிருக்கிறார். நானும் மறுபடி, நன்றிகூடச் சொல்லாமல், வாங்கி வைத்துக்கொண்டேன்.