ஆமாங்க, ஒரு சீட்டுக்குத்தான்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணி. கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில், சென்னைக்குள் போகும் மின்சார ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முன் நான் மின்சார ரயிலில் ஏறியதே இல்லை.

எனக்கு ஊர் ஏற்காட்டு மலையில் மாரமங்கலம். கொஞ்சம் காப்பித் தோட்டம், அதில் கொடியேறிய மிளகு, அதுதான் எங்கள் பிழைப்பு. இரண்டு வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் காலிப்பர் மாட்டி, வலது கையில் ஊன்றுகோல் பிடித்து நடப்பேன். ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இப்படித்தான் பஸ்ஸில் போய்வந்தேன். அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், நான் படியில் கால் வைக்கும்போதே முன் சீட்டில் இருப்பவர் எழுந்துவிடுவார். அதனால் ஒரு சீட்டை வாய்விட்டுக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு முப்பது வயது வரை வரவில்லை.

அரசு வேலைக்கான தேர்வில் தேறியிருந்தேன். காலை பத்து மணிக்குப் பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. முந்தின நாள் பகல் பஸ்ஸில் வந்து, கூடுவாஞ்சேரியில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டில் தங்கினேன். அப்பாவும் கூட வருவதாகத்தான் இருந்தார்.

"நொம்ப கூட்டமா இருக்கும் கண்ணு. தனியா எப்படிச் சமாளிப்ப? மொளகு பறிப்பு ரெண்டு நாள் நின்னா நின்னுட்டுப் போகுது, நானும் வாரேன்" என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். காரணம் இருந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என்னோடு வருபவரிடம்தான் பேசுவார்கள். பொண்ணு பேர் என்ன, என்ன படிச்சிருக்கு என்று அப்பாவைக் கேட்பார்கள். கால் சரியில்லை என்றால் காதும் வாயும் சேர்ந்து சரியில்லை என்று நினைப்பு. இந்த ஒரு இடத்திலாவது என்னிடம் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

சித்தி மகள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். சக்கர நாற்காலிப் படம் போட்ட பெட்டி கடைசியில் வரும், அது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும், அதில் ஏறு, பயமே இல்லை என்று காட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

ரயில் வந்தது. அந்தப் பெட்டியின் வாசலில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். பையை முன்னால் உள்ளே போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி, மற்ற காலை இழுத்து ஏறினேன். உள்ளே பார்த்தால் எல்லா சீட்டிலும் ஆள். கழுத்தில் அலுவலக அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை, கையில் போன். நின்றவர்களும் நிறைய. பெரும்பாலானவர்கள் திடகாத்திரமான ஆண்கள். என் ஊன்றுகோலைப் பார்த்ததும் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அத்தனை சீக்கிரம் தூக்கம் வருமா என்று எனக்கே ஆச்சரியம்.

முதல் சீட்டில் இருந்தவரிடம், கொஞ்சம் எழுந்துகொள்ள முடியுமா என்று கேட்டேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். நீல நிறச் சட்டையை நன்றாகத் தேய்த்து உடுத்தியிருந்தார். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பக்கத்துல லேடீஸ் கோச் இருக்கும்மா. அடுத்த ஸ்டேஷன்ல மாறிக்கோங்க" என்றார்.

இது எங்களுக்கான பெட்டி என்றேன். தாங்களெல்லாம் பல வருடமாக இதில் வருகிறவர்கள் என்று பதில் வந்தது. அவருக்குப் பின்னால் ஒரு குரல், முகம் தெரியவில்லை, "இவங்கள்லாம் ஆபீஸ் நேரத்துலதான் வரணுமா?" என்றது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்போதே ரயில் சட்டென்று வேகம் குறைத்தது. கம்பியைப் பிடித்திருந்த கை நழுவி, நான் பக்கவாட்டில் விழுந்தேன். காலிப்பர் போட்ட கால் மடங்காது. மரம் சாய்கிற மாதிரி நேராகத்தான் விழ முடியும். கக்கத்தில் இடுக்கியிருந்த பிளாஸ்டிக் ஃபைலின் பொத்தான் தெறித்து, சான்றிதழ்கள் எல்லாம் தரையில் பரவின. ஒருவர் என்னை அக்குளில் கைகொடுத்து மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி நிறுத்தினார். இன்னொருவர் காகிதங்களைப் பொறுக்கிக் கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் தங்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்! என் ஊனச் சான்றிதழின் நடுவே ஒரு ஷூவின் அடிப்பாகம் அச்சு மாறாமல் பதிந்திருந்தது.

அப்போதுதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். கையிலும் காலிலும் ஒரு குறையும் தெரியவில்லை. இவ்வளவு சத்தத்துக்கும் அவள் தலையைத் திருப்பவே இல்லை, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள்தான் இப்படி என்றால் ஒரு பெண்ணுமா என்று எனக்குள் இருந்த கோபம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.

"ஏம்மா, ஒருத்தி விழுந்து கெடக்கறது உனக்குத் தெரியலையா? நல்லா இருக்கற கைகாலை வெச்சுக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கறயே, கூசலையா?" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. திமிர் என்றே நினைத்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். நன்றாகவே உலுக்கிவிட்டேன்.

அவள் பதறித் திரும்பினாள். என் முகம், ஊன்றுகோல், கையில் கசங்கிய காகிதங்கள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினாள். பைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். என்னிடம் இருக்கும் அதே அட்டை. பிறவியிலேயே காது கேளாதவள்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுகிறார்கள் என்று பிறரைப் பற்றி வாழ்நாளெல்லாம் குறைப்பட்டவள் நான். அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு, அங்கே உட்கார உரிமையுள்ள ஒருத்தியைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன்.

அவள் எழுந்து, உட்காரச் சொல்லி சீட்டைக் காட்டினாள். நான் உட்காரவில்லை. அவளை அவள் இடத்திலேயே திரும்ப உட்காரவைத்தேன். அவளிடமிருந்து பறித்து நான் உட்கார்ந்தால், இவர்கள் எல்லோரும் நிம்மதியாக மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்கள். அதற்கு நான் தயாராக இல்லை.

அடுத்து ஒரு பெரிய ஸ்டேஷன் வந்தது. நான் இறங்கினேன். நீலச் சட்டைக்காரர் நான் பெட்டி மாறப் போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் வாசலுக்கு நேரே பிளாட்பாரத்தில் நின்று, ஊன்றுகோலை நீட்டிப் பெட்டிக்குள் ஊன்றிக்கொண்டேன். எங்கள் பெட்டிக்கு அடுத்துத்தான் கார்டின் அறை. அவர் எட்டிப் பார்த்து, ஏறுங்கம்மா, வண்டி கிளம்பணும் என்றார்.

"ஏற மாட்டேனுங்க. இந்தப் பெட்டி யாருக்குன்னு நீங்க உள்ள வந்து சொல்லுங்க. அப்புறம் ஏறிக்கறேன்" என்றேன்.

அடுத்த வண்டியில் வரலாமே என்றார். அடுத்த வண்டியிலும் இதே ஆட்கள்தானே இருப்பார்கள் என்றேன். மற்றப் பெட்டிகளிலிருந்து தலைகள் நீண்டன. நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். என் உள்ளங்கை வியர்த்து ஊன்றுகோல் வழுக்கியது. எனக்கும்தான் நேரமாகிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு அங்கே இல்லாவிட்டால் என் பெயரைத் தாண்டிப் போய்விடுவார்கள். எத்தனை வருடப் படிப்பு, எத்தனை முறை எழுதிய தேர்வு. ஏறிவிடு, ஒரு மணி நேரம் நின்றால் என்ன என்று உள்ளே ஒரு மனம் கெஞ்சியது. ஆனால் ஷூ அச்சு பதிந்த அந்தக் காகிதம் கையிலேயே இருந்தது. நான் நகரவில்லை.

அப்போது யாரோ என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அந்தப் பெண். ஜன்னலோர சீட்டை விட்டுவிட்டு இறங்கி வந்து, வாசலின் மறுபக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சற்று முன் நான் உலுக்கிய தோள் என் தோளை உரசிக்கொண்டிருந்தது.

கார்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையில் இருந்த கருவியில் ஏதோ பேசினார். இரண்டு நிமிடத்தில் ரயில்வே பெண் போலீஸ் ஒருவர் வேகமாக வந்தார். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நேராக உள்ளே ஏறி, அட்டை இருக்கிறவர்கள் காட்டுங்கள், இல்லாதவர்கள் இறங்குங்கள் என்றார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். தூங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள்.

நீலச் சட்டைக்காரர் கடைசியாக இறங்கினார். என்னைக் கடக்கும்போது நின்று, "ஒரு சீட்டுக்காக இவ்ளோ பேரை லேட் பண்ணிட்டீங்களே, நல்லாருக்கா?" என்றார்.

"ஆமாங்க, ஒரு சீட்டுக்குத்தான். அது என் சீட்டுங்க" என்றேன்.

குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்தது.

ஏறிப் பார்த்தபோது பெட்டி பாதி காலி. மூலையில் வெள்ளைத் தடியோடு ஒரு பெரியவர், தடவித் தடவி வந்து ஒரு சீட்டில் உட்கார்ந்தார். இவ்வளவு நேரமும் அவர் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டே வந்திருக்கிறார். நானும் அவரைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். போனை எடுத்துத் தமிழில் தட்டிக் காட்டினாள். சென்னையில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறாள். முதல் ஸ்டேஷனில் ஏறுவதால் அவளுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. பிறகு ஏறுகிறவர்கள் நிற்பதைத் தினமும் பார்க்கிறாள். என்னை மன்னித்துவிடு என்று நான் தட்டிக் காட்டினேன். 'தோள் வலிக்கிறது' என்று எழுதிவிட்டுச் சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி எழுதினாள்: 'எனக்கும் இவர்களிடம் கத்த வேண்டும் என்று இருக்கும். இன்றைக்கு உங்கள் முகத்தில் அதைப் பார்த்தேன்.'

அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால். பயந்தபடியே என் பெயரைக் கூப்பிட்டுத் தாண்டிவிட்டார்கள். கடைசியில் பார்க்கலாம், உறுதியில்லை என்றார் அங்கிருந்தவர். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக்கூட எழவில்லை. இரண்டரை மணிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி சான்றிதழைத் தூக்கிப் பிடித்து, இது என்ன கறை என்று கேட்டார். ரயிலில் மிதித்துவிட்டார்கள் என்றேன். அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

அன்றே ஊருக்குப் பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு அதே பிளாட்பாரத்தில், அதே இடத்தில் போய் நின்றேன். சென்னையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சித்தி மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்குக்கா. ஊட்டுக்குப் போய்ச் சேரு" என்றாள்.

ரயில் வந்தது. நினைத்தபடியே பாதிப் பேர் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் சீட்டில் அவரேதான், இன்று வெள்ளைச் சட்டை. அவர் முன்னால் போய் நின்று, "எந்திரிங்க" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலோரம் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினாள். அவர்கள் மொழியில் அதுதான் கைதட்டல் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கடைசி ஸ்டேஷன் வரை உட்கார்ந்தே போனேன். அங்கே இருவரும் நின்று டீ குடித்தோம். அவள் வேலைக்குப் போனாள், நான் அடுத்த வண்டியில் திரும்பினேன்.

வேலை கிடைத்தது. இப்போது மலையிலேயே ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். நான் ஒருத்தி நின்றதால் அந்தப் பெட்டி திருந்திவிட்டது என்று சொன்னால் பொய். அவள் அவ்வப்போது தகவல் அனுப்புவாள், இன்றைக்கும் கூட்டம், இன்றைக்கும் தூங்குகிறார்கள் என்று. சில மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினாள். அவள் வேலை செய்யும் அச்சகத்து அட்டை ஒன்றில், பெரிய சிவப்பு எழுத்தில், 'எழுந்திருங்கள். இது எங்கள் பெட்டி' என்று அச்சடித்து, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ரயிலுக்குள் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் எழுந்துகொண்டிருக்கிறார்.

எனக்கு வர வேண்டியதை இன்றும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உரக்கத்தான் கேட்கிறேன். ஆனால் யாரிடம் கத்தப் போகிறேனோ அந்த முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.