கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர்

1. இன்ஜினைக் காணோம்

அந்தக் காரை யாரும் ஓட்டிக்கொண்டு வரவில்லை. லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் நான் ஃபிட்டர். லாரி இன்ஜின் போரிங், கிராங்க் கிரைண்டிங், பம்புசெட் ரிப்பேர், இவைதான் எங்கள் அன்றாட வேலை. எனக்கு வயது இருபத்தெட்டு. ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருவேன். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். இரும்பு வேலைக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் ஆள் நான்தான்.

காரின் சொந்தக்காரர் முசே அந்துவான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, துய்மா வீதியில் இருந்த சொந்த வீட்டுக்குத் திரும்பியவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஜப்பான் கார், கப்பலில் கொண்டு வந்திருந்தார். கூட அவருடைய மகள் செலின் வந்திருந்தாள்.

எங்கள் முதலாளி கோதண்டபாணி பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திகைத்தார்.

“என்னாய்யா இது, இன்ஜினையே காணோம்?”

செலின் சிரித்துவிட்டாள். “அதோ, கீழ இருக்கு பாருங்க சார். அவ்ளோதான் இன்ஜின்.”

பால் கேனைப் படுக்க வைத்ததுபோல ஒரு சின்ன உருப்படி. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் ஒரு முக்கோண ரோட்டர் சுற்றும். முக்கோணத்தின் முனைகளில் ஏபெக்ஸ் சீல். பக்கவாட்டில், ஒவ்வொரு மூலையிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கார்னர் சீல். காற்று கசியாமல் அடைக்கும் அந்த சீல்கள்தான் அந்த இன்ஜினின் உயிர். அவை தேய்ந்துபோய் கம்ப்ரெஷன் நின்றுவிட்டிருந்தது.

“இத எங்களால பாக்க முடியாதுங்க” என்றார் முதலாளி. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். செலின் அதைக் கவனித்திருக்கிறாள்.

“புக்கு எங்கிட்ட இருக்கு. பிரெஞ்சுல இருக்கு. நான் படிச்சு சொல்றேன், இவர் செய்யட்டும்” என்றாள்.

2. தகர டெம்ப்ளேட்

அவள் பிரான்ஸில் டெக்னிகல் டிராயிங் படித்தவள். பிரான்ஸிலிருந்து உறவுக்காரர் ஒருவர் சீல் செட்டும் ஸ்பிரிங்கும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு செட். அது போனால் இந்தியாவில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

இன்ஜினைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அவள் மனதில் இருந்ததைச் சொன்னாள். சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயத்தில் அவள் ஓட்ட வேண்டும். பொங்கல் கழிந்ததும் பிரான்ஸில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் வேலைக்குச் சேர வேண்டியவள். அங்கே போய்விட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

“ஒரே ஒரு தடவ தணிகாசலம். ஜெயிக்கணும்னு இல்ல. இந்த இன்ஜின் முழுசா என்னா பண்ணும்னு பாக்கணும்.”

வேகத்தைக் கூட்ட, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் போர்ட்டைப் பெரிதாக்க வேண்டும். சாதாரண இன்ஜினில் வால்வு எப்போது திறந்து மூடும் என்பதை கேம் தீர்மானிக்கும். இதில் பக்கவாட்டுப் பிளேட்டில் இருக்கும் ஓட்டையின் வடிவமே அதைத் தீர்மானிக்கிறது. ஓட்டையின் ஓரத்தை நகர்த்தினால் டைமிங்கே மாறிவிடும். எவ்வளவு நகர்த்தலாம் என்பதை அவள் கணக்குப் போட்டு வரைந்தாள். அதைத் தகரத்தில் வெட்டி டெம்ப்ளேட் ஆக்கினேன். பிளேட்டில் மார்க்கிங் புளூ தடவி, டெம்ப்ளேட்டை வைத்து ஸ்கிரைபரால் கோடு கீறினோம்.

வெளிப்பக்கக் கோட்டின் மேல் விரல் வைத்து அவள் சொன்னாள்: “கார்னர் சீல் இதுக்குப் பக்கத்துலயேதான் ஓடுது. இந்தக் கோட்டத் தாண்டிப் போனீங்கன்னா அதுக்குப் பிடிமானம் இருக்காது. சாக்கடைல சைக்கிள் சக்கரம் எறங்கின மாதிரி ஆயிடும்.”

“தாண்ட மாட்டேன் மேடம்.”

“மேடம் வேணாம். பேரு இருக்குல்ல?”

நான் தலையாட்டினேன். ஆனால் பேர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. வாய் வரவில்லை.

மூன்று மாதம் அந்த வேலை நடந்தது. பகலில் லாரி வேலை. நாலு மணிக்கு மேல் இது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான். டை கிரைண்டரை நான் பிடிப்பேன். எதிரில் ஸ்டூல் போட்டு அமர்ந்து அவள் டார்ச் பிடிப்பாள். கிரைண்டர் சத்தத்தில் பேச முடியாது. அவள் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். மடக்கினால் தொடர வேண்டும். ஞாயிறு மதியம் அவள் நீள ரொட்டி கொண்டு வருவாள். எங்கள் அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பில் அதைத் தொட்டுத் தின்பாள். “பபாவுக்குத் தெரிஞ்சா பங்கு கேப்பாரு” என்று அப்பாவைச் சொல்லிச் சட்டியை வழித்துவிடுவாள். அந்த ஞாயிறுகளைப் போல வேறெந்த விடுமுறையையும் நான் அனுபவித்ததில்லை. அது விடுமுறையும் இல்லை.

இன்ஜினைப் பூட்டி முதலில் ஸ்டார்ட் செய்தபோது பக்கத்து யூனிட் ஆட்களெல்லாம் ஓடி வந்தார்கள். ஐடிலிங்கில் திக்கித் திக்கி விக்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் விக்கல் நின்று, ஒரே நீளமான குரலாக மேலே மேலே ஏறியது. மறுநாள் விடியற்காலையில் கடலூர் ரோட்டில் டெஸ்ட் ஓட்டினோம். நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதும் அவள் மிதித்தாள். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மீட்டர் முள் சிவப்புக்குப் போன பிறகும் அந்த இன்ஜின் ஏறுவதற்குத் தயாராகவே இருந்தது. அவள் பிரெஞ்சில் என்னமோ கத்தினாள். எனக்குப் புரியவில்லை, ஆனால் நானும் கத்தினேன்.

3. நான் செய்தது

சீல் தேய்மானம் பார்ப்பதற்காக மறுபடி இன்ஜினைப் பிரித்தோம். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே பூட்டியிருக்க வேண்டும்.

பயண டிக்கெட் விஷயமாக அவள் இரண்டு நாள் மெட்ராஸ் போயிருந்தாள். போர்ட் இருக்கும் முன் பக்கப் பிளேட் என் பெஞ்சில் இருந்தது. பந்தயத்துக்கு வரும் மற்ற கார்களைப் பற்றி விசாரித்து வைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே போனால் அவள் முதலில் வருவாள் என்று தோன்றியது. உண்மையைச் சொல்வதானால், அவள் பிரான்ஸில் உட்கார்ந்து அந்த நாளை நினைக்கும்போது என்னையும் நினைக்க வேண்டும் என்றும் தோன்றியது. கிரைண்டரை எடுத்து வெளிப்பக்கக் கோட்டைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் வெட்டினேன். எமரி தாள் போட்டு வழவழப்பாக்கினேன். அவள் வருவதற்குள் இன்ஜினைப் பூட்டிவிட்டேன்.

“அதுக்குள்ள பூட்டிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

4. சோழவரம்

நான்கு சுற்று அந்தக் கார் ஓடிய ஓட்டத்தை இப்போதும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடியும். மூன்றாவதாக ஓடியவள் நான்காம் சுற்றில் இரண்டாவதாக வந்தாள். முசே அந்துவான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “அலே! அலே!” போ, போ என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தார். ஐந்தாம் சுற்றில் நேர் பாதையில் அந்தக் குரல் உச்சத்துக்கு ஏறியது. பிறகு ஒரு உலோகச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கார் தானாக உருண்டு புல்லில் போய் நின்றது.

நாங்கள் ஓடிப்போனபோது அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல பபா” என்றாள். 

மறுநாள் பட்டறையில் பிரித்தோம். முன் பக்கத்துக் கார்னர் சீல் ஒன்று போர்ட்டுக்குள் சரிந்து உடைந்திருந்தது. துண்டுகள் ரோட்டரோடு சுற்றி, கூட்டின் உள்சுவரையே உழுது போட்டிருந்தன. மாற்ற சாமான் இல்லை. முதலாளி உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தார்.

“இது யாரு மேல தப்பு? வெளிநாட்டு சாமான். முசே என்ன நம்பிக் குடுத்தாரு. தணிகா, நீ கோட்டத் தாண்டி வெட்டினியா? வெட்டியிருந்தா இப்பவே சொல்லு. நாளைலேருந்து நீ வர வேணாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் செலின் சொன்னாள்: “அவர் மேல தப்பு இல்ல சார். நான் போட்ட கோடுதான் தப்பு. கணக்குல எங்கியோ வுட்டுட்டேன்.”

நான் அப்போதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவின் மில் பாதி நாள் மூடிக்கிடந்த காலம் அது, வீட்டில் என் ஒரு சம்பளம்தான், என்றெல்லாம் பிறகு காரணம் தேடிக்கொண்டேன். அந்த நேரத்தில் இருந்தது வெறும் பயம்.

பிரான்ஸுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, சொல்லிக்கொண்டு போகப் பட்டறைக்கு வந்தாள். என் பெஞ்சுக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றாள்.

“என்ட்ட ஏதாச்சும் சொல்லணுமா தணிகாசலம்?”

“நல்லபடியா போய்ட்டு வாங்க மேடம்.”

“சரி. போறேன்” என்று சொல்லிப் போனாள்.

5. டீசல்

அடுத்த வருடம் முசே அந்துவான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “காரு சும்மா நிக்குது. எதையாச்சும் மாட்டி ஓட வெய்” என்றார். ஒரு பழைய டீசல் இன்ஜினை வாங்கி, மவுண்டிங்கை வெட்டி ஒட்டி, நானே மாட்டிக் கொடுத்தேன். மார்க்கெட்டுக்கும் மாதா கோயிலுக்கும் அந்தக் கார் தடதடவென்று போய்வந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தெருவை மாற்றிக்கொண்டு போய்விடுவேன்.

அதன் பிறகு எத்தனையோ இன்ஜின் பார்த்துவிட்டேன். அந்தக் குரலில் ஏறும் இன்னொரு இன்ஜினை நான் கேட்டதில்லை. பைபாஸில் ஏதாவது கார் கொஞ்சம் வித்தியாசமாகச் சத்தம் போட்டால் இன்றும் நின்று திரும்பிப் பார்க்கிறேன்.

அவள் போய் ஆறு வருடம் கழித்து, முசேயிடம் விலாசம் வாங்கிக் கடிதம் எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அவளுக்குத் திருமணம் ஆகிவிட்டது, ஒரு பெண் குழந்தை, வேலை பிடித்திருக்கிறது. தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. கடைசிப் பத்தி இது:

“எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் கை கழுவப் போனபோது டெம்ப்ளேட்டை வைத்துப் பார்த்தேன். முதலாளி உங்களை அனுப்பிவிடுவார் என்பதால் அங்கே சொல்லவில்லை. ஆனால் என்னிடம் தனியாகச் சொல்வீர்கள் என்று கடைசி வரை காத்திருந்தேன். நீங்கள் அதைச் சொல்லியிருந்தால் நானும் ஒன்று சொல்லலாம் என்று இருந்தேன்.”

அந்த ஒன்று என்ன என்று அவள் எழுதவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை.

பிற்பாடு நான் ஃபோர்மேன் ஆனேன். யாராவது பெஞ்சருகே வந்து, “சார், தப்பா வெட்டிட்டேன்” என்று சொன்னால், முதலில் உட்காரச் சொல்லி டீ வரவழைப்பேன். திட்டெல்லாம் டீ குடித்த பிறகுதான். பட்டறையில் இது கேலிப் பேச்சாகவே இருந்தது.

இதைப் படிக்கும் இளைய மெக்கானிக்குகளுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுதான். அளவு தப்பினால் அன்றைக்கே, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லிவிடுங்கள். வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருக்கும். எனக்கு வேலை போகவில்லை. அதே பெஞ்சில் இன்னும் இருபத்திரண்டு வருடம் இருந்தேன்.