மாதர் ஞாயிற்று அறிவிப்பை மிஷின் எழுதியபோது

ஐந்து சொல் போதும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் செக்‌ஷனில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டேன். ரிட்டயரான பிறகுதான் எங்கள் சபை அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தேன். பூந்தமல்லியிலிருந்து திருமழிசை போகிற வழியில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன சபை. ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதுவது, ஹால் புக்கிங், ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற அறிவிப்பைத் தயார் செய்வது, இவ்வளவுதான் வேலை. முதல் இரண்டும் பிரச்சினையில்லை. மூன்றாவதுதான் என்னைப் படுத்தி எடுத்தது.

முதல் வாரம் நான் எழுதியது இது: "கூட்டம் மாலை ஆறு மணிக்கு. அனைவரும் தவறாமல் வரவும்." அறிவிப்புகளைப் பிரசங்க மேடையான புல்பிட்டில் நின்று வாசிக்கிறவர் எங்கள் செயலாளர் குணசீலன். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன ராஜன் இது, கரண்ட் கட் நோட்டீஸ் மாதிரி இருக்கு? 'கர்த்தருக்குள் அன்பானவர்களே'ன்னு ஆரம்பிக்க வேணாமா? சபைக்குன்னு ஒரு குரல் இருக்குப்பா."

இருக்கிறதுதான். 'கிருபையாய்', 'வாஞ்சையோடு', 'குறித்த நேரத்தில் வந்திருந்து ஆசீர்வாதம் பெற்றுச் செல்லுமாறு' என்று அது ஒரு தனி ஓட்டம். பிறந்ததிலிருந்து காதால் கேட்டதுதான், ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கொட்டேஷன் கேட்கிற லெட்டர்தான் வரும். வாரா வாரம் குணசீலனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்போதுதான் ஏஐ வந்தது. அலுவலக கம்ப்யூட்டரில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் டைப் செய்து வைத்த பழைய அறிவிப்புகள் அத்தனையும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகச் சேர்த்து உள்ளே கொடுத்தேன். "இந்த நடையில் எழுது" என்று சொன்னேன். அது எழுதியது பாருங்கள், எங்கள் சபையில் பிறந்து வளர்ந்த ஆள்கூட அப்படி எழுதமாட்டான். குணசீலன் வாசித்துவிட்டு, "இப்பத்தான்யா உனக்குக் கிருபை எறங்கியிருக்கு" என்று முதுகில் தட்டினார். மிஷின் எழுதியது என்று நானும் சொல்லிவிட்டேன். அவருக்கு அதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை.

சோம்பேறித்தனம் சீக்கிரம் பழகிவிடும். முதலில் குறிப்புகளை வாக்கியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெறும் சொற்கள். 'உபவாச ஜெபம், வெள்ளி, ஆயர், கஞ்சி' என்று போட்டால் முழு அறிவிப்பு வந்து நிற்கும். கஞ்சியை மாதர் ஐக்கியத்தார் காய்ச்சுவார்கள் என்பதைக்கூட அதுவே சேர்த்துவிடும். நான் தேதி, நேரம் பார்த்துவிட்டு பிரிண்ட் கொடுத்துவிடுவேன்.

கமலா பேசட்டும்

கமலா திருமழிசை எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் கேன்டீன் சூப்பர்வைசர். கழனி வேலை செய்த இந்துக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி எங்கள் சபைக்கு வந்தவள். சபையில் எந்த விருந்தென்றாலும் கமலாவின் பிரியாணிதான். அண்டாவுக்குப் பக்கத்தில் அல்லாமல் வேறு இடத்தில் அவளை நினைத்துப் பார்க்கவே எங்களுக்கு வராது.

ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் பேச வேண்டியவர் வராமல் போக, ஆயர் அவளை நாலு வார்த்தை பேசச் சொன்னார். பேசினாள். எல்லாரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான், வருகிற மாதர் ஞாயிற்றில் கமலாவே தேவசெய்தி கொடுக்கட்டும் என்று ஆயர் கமிட்டியில் சொன்னார். எங்கள் சபையில் பெண் ஒருத்தி புல்பிட்டில் ஏறிப் பிரசங்கம் செய்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பெண்களுக்கென்று வருகிற மாதர் ஞாயிறு என்றாலும் பெண்கள் பாடுவார்கள், ஜெபிப்பார்கள், சமைப்பார்கள். செய்தி ஆயருடையது.

குணசீலன் ஒத்துக்கொள்ளவில்லை. "கமலா நல்ல பொண்ணு, யார் இல்லேன்னா? ஆனா புல்பிட் வேற, அண்டா வேற" என்றார். வாக்குவாதம் நீண்டது. கடைசியில் ஆயர் சொன்னதுதான் முடிவாயிற்று.

நான் அந்த வார அறிவிப்புக்காக வழக்கம்போல சொற்களைப் போட்டேன். 'மாதர் ஞாயிறு, செய்தி, விருந்து, கமலா, ஆயர்.' அழகாக வந்தது. தேதி சரி, நேரம் சரி. பிரிண்ட் எடுத்துக் குணசீலனிடம் கொடுத்தேன். அந்த ஞாயிறு ஆயர் குத்தம்பாக்கத்தில் உள்ள கிளைச் சபைக்கு ஆராதனை நடத்தப் போயிருந்தார். குணசீலன் கணீரென்று வாசித்தார். நான் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். சபை முழுக்கக் கேட்டது. ஆராதனை முடிந்து வாசலில் யாரும் என்னை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எத்தினி பேருக்கு?

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து கேன்டீன் சட்டையோடு கமலா அலுவலகத்துக்கு வந்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கெயம எத்தினி பேருக்கு ஆக்கணும்? அரிசிக்குச் சொல்லணும்."

"நீ எதுக்கும்மா ஆக்கணும்? நீதானே பேசப்போற?" என்றேன், தலையைத் தூக்காமலே.

"அதான் மாத்திட்டீங்களேண்ணே. நானும் அங்கதான ஒக்காந்துகினு இருந்தேன். ஆயரு பேசுவாரு, கமலா ஆக்கிப் போடும்னு வாசிச்சாரே."

பேப்பரைத் தேடி எடுத்தேன். 'தேவசெய்தியை நமது ஆயர் அவர்கள் கிருபையாய் அளிப்பார்கள். அன்பின் விருந்தைத் திருமதி கமலா அவர்களும் மாதர் ஐக்கியத்தாரும் வாஞ்சையோடு ஆயத்தம் செய்வார்கள்.'

"ஐயையோ! யாரும் மாத்தலம்மா. இது மிஷின் பண்ண வேலை."

"போங்கண்ணே. வேணாம்னு முடிவு பண்ணிட்டு மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டுகினு, மிஷின் மேல பழி போடறீங்க. மிஷினுக்கு என்னிய தெரியுமா? அதுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?"

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மாங்காட்டுல எங்கண்ணன் கீது. அம்மன் கோயிலு, ஆடி மாசக் கூழுன்னு இருக்கற மன்சன், சர்ச்சு வாசப்படி மெரிச்சதில்ல. எந்தங்கச்சி பேசுதுன்னா நான் வரேன்னு சொல்லிகீது. கேன்டீன் பொண்ணுங்க ரெண்டு பேரு ஷிப்ட்ட மாத்திக்கினு வருதுங்க. வராதீங்கன்னு சொல்லணும். ரெண்டு நாளா போன எடுக்கறேன், வெக்கறேன். சொல்ல வாய் வர்ல."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அவள் கண் முன்னாலேயே அதே ஐந்து சொற்களைத் திரும்பப் போட்டேன். அதே விருந்து, அதே வாஞ்சை. கமலா என்பதை எடுத்துவிட்டு வேறொரு பெண் பெயரைப் போட்டேன். அவளும் சமையலுக்குத்தான் போனாள். பிறகு அந்த இடத்தில் குணசீலன் என்று போட்டேன். 'தேவசெய்தியைச் சகோதரர் குணசீலன் அவர்கள் அளிப்பார்கள்' என்று வந்தது.

"அடப்பாவி!" என்றாள் கமலா. "அவுரு ஒரு தபா கூட பேசினதில்லையே!"

பழைய அறிவிப்புகளில் அவள் பெயரைத் தேடும்படி மிஷினிடம் சொன்னேன். வந்துகொண்டே இருந்தது. ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ், எதுவானாலும் கமலா என்று வருகிற இடத்தில் பக்கத்தில் சாப்பாடு இருந்தது. யாரும் மிஷினுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் சபையின் குரல் வேண்டும் என்று கேட்டோம், அது அப்படியே கொடுத்துவிட்டது.

கமலா ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வுடுங்கண்ணே. நானே ஆக்கிடறேன். எதுக்குப் பிரச்சன?" என்று எழுந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. "உக்காரு சொல்றேன்!" என்று அதட்டிவிட்டு, ஆயருக்கும் குணசீலனுக்கும் போன் போட்டேன்.

கரண்ட் கட் நோட்டீஸ்

இரண்டு பேரும் சாயங்காலம் வந்தார்கள். குணசீலன் மறைக்கவில்லை. "வாசிக்கும்போதே பாத்தேன். ஆயர் மனசு மாறிட்டார்னு நெனச்சேன். எனக்கு அது சரியாவும் பட்டுது, அதான் கேக்கல" என்றார். ஆயரோ, கமலாவே பயந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் போல என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவளை வற்புறுத்த வேண்டாம் என்று சும்மா இருந்திருக்கிறார். ஆளுக்கு ஆள் மற்றவர் முடிவு என்று நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்திருக்கிறார்கள்.

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாது ராஜன்" என்றார் குணசீலன். "புல்பிட்ல வாசிச்சாச்சு. அத மாத்தினா சபை முன்னாடி நம்ம மரியாதை என்ன ஆவறது? கமலா அடுத்த வருஷம் பேசட்டும்."

ஆயர் நல்ல மனிதர். ஆனால் யார் மனமும் நோகக் கூடாது என்று பார்க்கிறவர். "அதுவும் யோசிக்க வேண்டியதுதான்" என்று தாடையைத் தடவ ஆரம்பித்தார். போச்சு, விஷயம் கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன்" என்றேன். குரல் உயர்ந்துதான் விட்டது. "புல்பிட்ல வாசிச்சத கமிட்டி முடிவு பண்ணிச்சா? இல்ல. நீங்க பண்ணீங்களா? இல்ல. நான் அஞ்சு வார்த்த போட்டேன், மிஷின் பழைய பேப்பரப் பாத்து எழுதிடுச்சு. அதுக்கா சபை கட்டுப்படணும்?"

ஆயர் கமலாவின் பக்கம் திரும்பினார். "நீங்க ஆயத்தம் பண்ணியிருக்கீங்களாம்மா?"

"பண்ணிகீறேன் ஐயா. பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துகினு கீறேன்."

"அப்ப நீங்கதான் பேசணும்."

"சாப்பாடு?" என்றார் குணசீலன்.

ஆயர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "ஆண்கள் ஐக்கியத்துக்குத் தலைவர் நீங்கதானே?"

அன்றைக்குக் குணசீலன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருத்த அறிவிப்பை மிஷினிடம் கொடுக்காமல் நானே டைப் செய்தேன். 'போன வாரம் வாசித்த அறிவிப்பில் தவறு. மாதர் ஞாயிற்றில் செய்தி கொடுப்பவர் திருமதி கமலா. சமையல், ஆண்கள் ஐக்கியம். தவறாமல் வரவும்.' அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கரண்ட் கட் நோட்டீஸ் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

குழைந்த பிரியாணி

கமலாவின் அண்ணன் நெற்றியில் விபூதியோடு வந்து கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கேன்டீன் பெண்கள் இரண்டு பேரும் அவருக்கு முன் வரிசையில். கமலா புல்பிட்டில் ஏறி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 'கர்த்தருக்குள் அன்பானவர்களே' என்று அவள் ஆரம்பிக்கவில்லை.

"எங்க கேன்டீன்ல மொதல்ல வர்றவன் கொயம்ப அள்ளிகினு பூடுவான். கடைசியா வர்றவன் மிஷின நிறுத்திட்டு, கிரீஸ் கைய கழுவிகினு வர்றதுக்குள்ள சட்டி காலி. அதனால நான் இன்னா பண்ணுவேன்னா, கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே கடைசி ஆளுக்கு ஒரு தட்டு எடுத்து மூடி வெச்சிடுவேன். அது யாருன்னு எனக்குத் தெரியாது. வருவான்னு மட்டும் தெரியும். ஆண்டவரும் அப்டித்தான்னு நான் நம்பறேன். எனக்குன்னு மூடி வெச்ச தட்ட இன்னிக்குத் தொறந்துகீறாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். முடிந்ததும் கமலாவின் அண்ணன் எழுந்து நின்று கையைத் தட்டிவிட்டார். ஆராதனையில் யாரும் தட்டுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. கேன்டீன் பெண்கள் சேர்ந்து தட்டினார்கள், பிறகு நாங்களும் தட்டினோம்.

விருந்தில் பிரியாணி குழைந்து போயிருந்தது. தோளில் துண்டோடு குணசீலனே வந்து கமலாவுக்குப் பரிமாறினார். "நல்லாப் பேசினம்மா" என்றவர், கொஞ்சம் தயங்கி, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"உப்பெல்லாம் சரியாத்தான் கீதுண்ணே. அரிசிதான் கஞ்சி ஆயிடிச்சு" என்றாள். அவர்தான் முதலில் சிரித்தார்.

சபை அலுவலகங்களுக்கு வேலைக்கு வருகிற இளையவர்களுக்குச் சொல்கிறேன். ஏஐ டூலை உபயோகியுங்கள், நானும் இன்றுவரை விடவில்லை. ஆனால் யார் எதைச் செய்கிறார் என்பதை முழு வாக்கியமாக நீங்களே எழுதிக் கொடுங்கள். வந்த டிராஃப்டில் சபையின் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அந்தக் குரல் யாரை எங்கே உட்கார வைத்திருக்கிறது என்றும் பாருங்கள். கேட்டுப் பழகிப்போன காதுக்குத் தவறு தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

நான் எழுதிய திருத்த அறிவிப்பையும் அடுத்த வாரம் பழைய அறிவிப்புகள் இருந்த ஃபைலில் சேர்த்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கமலா எட்டிப் பார்த்தாள்.

"இப்ப இன்னா சொல்லுது உங்க மிஷினு?"

அதே ஐந்து சொற்களைப் போட்டேன். இரண்டு பேரும் ஸ்கிரீனைப் பார்த்தோம். தேவசெய்தி ஆயர். அன்பின் விருந்து திருமதி கமலா, வாஞ்சையோடு.

கமலா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு தபா பேசினா அதுக்கு ஒறைக்கல போலகீது" என்றாள். "சரி, அடுத்த தபா எப்பண்ணே?"

ஆயரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாயெடுத்தவன், அதை விட்டுவிட்டுக் காலண்டரைத் திறந்தேன்.