ஜம்புலிங்கம் பக்கத்தில் நிற்க வேண்டும்

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஜம்புலிங்கம் எலெக்ட்ரீஷியன். அங்கே எடை மிஷினோடு ஒயர் போட்டு இணைத்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் உண்டு. உள்ளங்கை அகலத்தில் ஒரே போர்டு, லினக்ஸில் ஓடுவது. வருடம் முழுக்க உழைக்கும். ஆயுத பூஜைக்கு அணைத்துப் பொட்டு வைத்தால் மறுநாள் எழுந்திருக்காது.

2006-இல் மேனேஜர் குங்குமத்தின் மேல் பழி போட்டார். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ரோஹித் போர்டையே மாற்றினார்; அப்போதும் எழவில்லை. திரையைப் படித்துப் பார்த்தவர் ஜம்புலிங்கம் ஒருவர்தான். 'நிறுத்த ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்' என்று ஆன் ஆகும்போது கம்ப்யூட்டர் கேட்கிறது; யாரும் அழுத்தாவிட்டால்தான் மேற்கொண்டு ஓடும். எடை மிஷின் ஓயாமல் அனுப்பும் எண்களைப் பட்டன் என்று நம்பி நின்றுவிடுகிறது. அவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தார்; ஓடியது. திரும்பச் சொருகினார்.

ஒரு எலெக்ட்ரீஷியன் கண்டுபிடித்தார் என்று எழுத ரோஹித்துக்குக் கை வரவில்லை. 'ஜம்புலிங்கம் அருகில் நிற்க, தானே சரியானது' என்று ரிப்போர்ட் கொடுத்தார்.

மறுவருடமும் பூஜைக்கு மறுநாள் அது எழவில்லை; செய்யூரில் மாமனார் வீட்டு விருந்தில் இருந்த ஜம்புலிங்கத்தைக் கார் அனுப்பி வரவழைத்தார்கள்.

"இன்னா மேடம், ஒயர புடுங்கிட்டு ஆன் பண்ணுங்கன்னு போன்லயே சொன்னேனா இல்லியா?"

"ரிப்போர்ட்ல ஒயர் பத்தி ஒண்ணுமே இல்லண்ணா," என்றார் புது இன்ஜினியர் சுஷ்மிதா.

வெறுத்துப்போன ஜம்புலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுஷ்மிதா ஒயரைத் தொடாமலே ஆன் செய்தார். எழவில்லை.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்களேன்."