நாடகத்துப் படகு கரைக்கு வந்ததா?

இன்று காலை காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில், போன வாரம் பார்த்த புது நாடகத்தைப் பற்றி மொத்த வண்டிக்கும் விளக்கிக்கொண்டு வந்தேன். எழுதியவள் எண்ணூர்ப் பெண். ஒத்திகையிலேயே பாதியை நான்தான் திருத்திக் கொடுத்தேன். (சரி, டீ வாங்கிக் கொடுத்தேன்.)

மீனவன் கடலுக்குப் போகிறான். மனைவி கரையில் காத்திருக்கிறாள். அதுதான் கதை.

பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த எங்கள் தெரு மல்லிகா கேட்டாள். "கடசீல அவன் போட்டு கரைக்கு வந்துச்சாணா?"

அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"வந்துச்சிம்மா! பட்டாசு வெடிச்சிக்கினு வந்துச்சி!"

"அப்ப நான் நாடகம் பாக்க வர்ல. எங்க வூட்டுக்காரு வர்லயே. வந்துடுவாரு வந்துடுவாருன்னே எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க. மேடையிலயாவது ஒருத்தி நெசத்தச் சொல்றாளான்னு பாக்கலாம்னு நெனச்சேன்."



"போட்டு வர்லம்மா," என்றேன். "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் கரையிலதான் நிக்கிது."

கூடையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். "எத்தினி மணிக்கிணா?"

நண்பர்களே, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ராயபுரத்தில் மறுபடி போடுகிறார்கள். மல்லிகா வருகிறாள். நீங்களும் வருவதென்றால் கீழே சொல்லுங்கள்.

முடிவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பழக்கதோஷத்தில் படகைக் கரைசேர்த்துவிடுவேன்.