ஊன்ட்றொப் தேரும் பெயர் இல்லாத மாத்திரையும்

மியூனிக்குக்கு வந்த இரண்டாம் ஆண்டு, 2007 ஜூனில், ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் தேரைப் பார்க்க நானும் என் கணவர் கார்த்திக்கும் கிளம்பினோம். ஜெர்மனிக்குள்ளேயே, ஹம் நகரம் வரை ரயிலில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். காலை ஆறு மணிக்கு ஏறி, நடுவில் ஒருமுறை வண்டி மாறி, மதியம் இறங்கினோம். அங்கிருந்து கோயில் பத்து கிலோமீட்டர். தேரின் அழகை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பாதிதான் பார்த்தேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், கோபம் குறையாமல்.

எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. ஒன்பது வயதில் ஓர் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது. கல்யாணத்துக்கு முன்பே கார்த்திக்கிடம் சொல்லியிருக்கிறேன்.

ஹம்மில் செல்வி அக்கா வீட்டில் தங்கினோம். யாழ்ப்பாணத்துக்காரர், திருவிழா நாட்களில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுப்பவர். மறுநாள் காலை எச்சில் விழுங்கக்கூட முடியாதபடி எனக்குத் தொண்டை வலி. கார்த்திக் சென்னையிலிருந்து கொண்டுவந்த மாத்திரை ஒன்றை நீட்டினான். மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்த அட்டைத் துண்டு, பெயர் இல்லை.

"என்ன மாத்திரை இது?"

"தொண்டைக்குத்தான். போட்டுக்கோ, லேட் ஆகுது."

போட்டுக்கொண்டேன். கோயிலை அடைந்து, தேர் திரும்பும் இடத்தில் நிற்கும்போது உள்ளங்கை அரித்தது. பிறகு கழுத்து, காது. "வெயில்தான், தண்ணி குடி" என்றான் கார்த்திக். எங்களோடு வந்திருந்த செல்வி அக்கா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சொண்டு வீங்கிக் கிடக்கு? மூச்சு எடுக்க ஏலுதோ?"

உதடு தடித்துப் பேச வராமல், இல்லை என்று தலையை மட்டும்தான் அசைக்க முடிந்தது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னை முதலுதவிக் கூடாரத்துக்கு இழுத்துப்போனார். தொடையில் ஊசி போட்டார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. அவசர மருத்துவர் என்ன மருந்து சாப்பிட்டேன் என்று கேட்டார்.

"தம்பி, என்ன குளிசை குடுத்தனீங்கள்? பேரைச் சொல்லுங்கோ" என்று கார்த்திக்கைக் கேட்டார் அக்கா.

"அமாக்சிசிலின். அது பெனிசிலின் இல்லையே."

அதே குடும்பம்தான் என்றார் மருத்துவர். அடங்கிய ஒவ்வாமை மறுபடி தலைதூக்கலாம் என்று இரவு முழுக்க மருத்துவமனையில் வைத்துக்கொண்டார்கள். கட்டிலருகே கார்த்திக் சொன்னது இது: "சின்ன வயசுல வந்தது, போயிருக்கும்னு நெனச்சேன். உங்க வீட்ல எல்லாத்தையும் பெருசு பண்ணுவீங்களே."

தெரியாமல் கொடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். 'பெனிசிலின் இல்லையே' என்றது வெறும் சாக்கு, தெரிந்துதான் கொடுத்தான். நான் மிகைப்படுத்துகிறேனா என்று என் மூச்சை வைத்துப் பார்த்திருக்கிறான்.

சில வாரம் கழித்து மியூனிக்கில் பரிசோதித்து, ஒவ்வாமை உறுதி என்று 'அலர்கீபாஸ்' என்ற சிறு அட்டையைக் கொடுத்தார்கள். பயணம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் விழுங்காதீர்கள். பெனிசிலின் ஆகாது என்றால் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். சின்ன வயதில் வந்தது சிலருக்குப் போய்விடுமாம். அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், புருஷன் அல்ல.

போன மாதம் நண்பர் வீட்டு விருந்தில் கார்த்திக், "தேர்க் கூட்டத்துல, வெயில்ல மயங்கிட்டா" என்று சிரித்தான்.

"இல்ல. எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்ச மாத்திரைய நீ குடுத்த" என்றேன், எல்லோர் முன்னாலும். அவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.