ராய்துர்க் மெட்ரோ, ஒரு கிரேக்க வகுப்பு, சில 'கைக்கு'கள்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கச்சிபௌலிக்குப் போனது தத்துவம் படிக்க அல்ல, சண்டை போட. மகள் ரோஸ்லினுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. அவளோ தத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்தது கச்சிபௌலியில் நடக்கும் ஒரு கிரேக்கத் தத்துவ அறிமுக வகுப்பில். அந்த வாத்தியாரையே நேரில் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டேன். நான் பிடிவாதக்காரி என்பதால் வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

செகந்திராபாத் ஈஸ்ட்டில் மெட்ரோ ஏறினால் எங்கும் மாறாமல் ராய்துர்க். முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ. நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு இறக்கினேன்.

"சண்டே ஆபீஸ் கைக்கு மேடம்?" என்றார் டிரைவர். எங்கள் ஊர் உருதுவில் 'கைக்கு' என்றால் 'எதற்கு'. தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் எங்கள் வீட்டுத் தமிழிலும் அது ஒட்டிக்கொண்டது.

"லடாய் ஹை பையா" என்றேன், சண்டைக்குத்தான் என்று. சிரித்துக்கொண்டே வண்டியை விரட்டினார்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் வகுப்பு. வாத்தியார் மதுரைக்காரர், ஊருக்குப் புதிது. உலகம் எதனால் ஆனது என்று கேட்டு, தண்ணீர் என்று சொன்ன தேலீஸில் ஆரம்பித்தார். பதில் போய்விட்டது, கேள்வி மட்டும் நிலைத்துவிட்டது என்றார். கடைத்தெருவில் வருவோர் போவோரை நிறுத்தி, நீதி என்றால் என்ன, வீரம் என்றால் என்ன என்று குடைந்த சாக்ரடீஸுக்குக் கடைசியில் விஷம்தான் கிடைத்தது. அவர் வீட்டில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"இதெல்லாம் எந்த வார்த்தையில ஆரம்பிச்சது? அவங்கவங்க பாஷையில சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

கையைத் தூக்கி, "கைக்கு!" என்றேன்.

"ஐயையோ, கைக்கு என்னக்கா ஆச்சு?" என்று ஓடி வந்தார். விஷயம் புரிந்ததும் ஹாலே சிரித்தது. எனக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

"நல்ல வார்த்தைக்கா. நீங்க உறுதியா நம்புறது ஒண்ணு சொல்லுங்க, அதைக் கேட்டுப் பார்ப்போம்."

இதற்குத்தானே வந்தேன்! "என் பொண்ணு இன்ஜினியரிங்தான் படிக்கணும்."

"கைக்கு?"

"நல்ல வேலை கிடைக்கும்."

"கைக்கு?"

"சொந்தக் கால்ல நிக்கணும்."

"கைக்கு?"

"யார்கிட்டயும் போயி, இதைச் செய்யட்டுமான்னு கேட்டு நிக்கக் கூடாது" என்று வேகமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு மாதமாக அவள் என் முன்னால் அப்படித்தானே நிற்கிறாள். வாத்தியார் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. படுபாவி, கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள், வார நாட்களில் கச்சிபௌலி டிராபிக்கில் சாக்ரடீஸுக்கே பொறுமை போய்விடும். கிரேக்கம் தெரிய வேண்டாம். முடிவெடுத்துவிட்ட விஷயம் ஒன்று கைவசம் இருந்தால் போதும்.

ராய்துர்க் பிளாட்பாரத்தில் நின்று ரோஸ்லினுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு ஃபிலாசஃபிலயே சேந்துரு."

எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் மெதுவாகக் கேட்டாள்: "கைக்கு மம்மி?"

"பாத்தியா," என்றேன், "நீ அதுக்குத்தான்டி லாயக்கு."